வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது

நகரமன்றத்தில் அவளுக்கு மினிட்ஸம்மா என்று பெயர். யார் என்ன பேசினார், என்ன முடிவானது என்ற கூட்டக் குறிப்பைத்தான் அங்கே மினிட்ஸ் என்பார்கள். இருபத்தாறு வருடமாக அதை எழுதித் தட்டச்சு செய்தவள் அவள். ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. வாயைத் திறக்காமல் ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தாள்.

கூட்ட அறையில் பொதுமக்களுக்கென்று மூன்று பெஞ்சு உண்டு. ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். ஒரு காலத்தில் வந்தார்கள், பேசினார்கள். சாக்கடை, தெருவிளக்கு, இடிந்த பள்ளிச் சுவர் என்று அவர்கள் கொட்டியதையெல்லாம் மினிட்ஸம்மா சுருக்கெழுத்தில் ஒரு சொல் விடாமல் பிடிப்பாள். தட்டச்சில் அது ஒரே வரியாகிவிடும்: ‘பொதுமக்கள் கருத்துத் தெரிவித்தனர்.’ அப்படித்தான் எழுத வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். பேசியவர்கள் குறிப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. பெஞ்சில் தூசு படிந்தது.

“ஏன்தான் ஜனங்க வரமாட்டேங்கிறாங்களோ? ஓட்டுப் போட்டதோட கடமை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க” என்று தலைவர் வருடத்துக்கு ஒருமுறை வருத்தப்படுவார். காரணம் அவருக்கு நாலடி தள்ளி, தட்டச்சு மேசையில் உட்கார்ந்திருந்தது.

மினிட்ஸம்மாவின் அக்காவுக்குச் சர்க்கரை. இடது பாதத்தில் புண். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நகரமன்றத்தின் கட்டுப்போடும் அறை இருந்தது. ஒரு நர்ஸ், ஒரு கட்டில், ஒரு குழாய். சர்க்கரைப் புண்ணுக்கு அதற்கு மேல் ஆடம்பரம் தேவையில்லை. நாள் தவறாமல் கழுவி, செத்த தோலை எடுத்து, சுத்தமான துணி வைத்துக் கட்டி, காலை ஊன்றாமல் இருந்தால் ஆறும். தவறினால் எலும்புக்குப் போகும். போன வருடம் நர்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். அக்காவுக்கு இரண்டு விரல் போயிற்று. இப்போது அறையையே மூடிவிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லத் தீர்மானம் வந்தது. ‘ஆட்சேபணை இல்லை’ என்று மினிட்ஸில் இருந்தால்தான் மேலிடம் அனுமதி தரும்.

அக்கா ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வந்தாள். காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நிமிடமும் பேசினாள். “ரெண்டு விரலை உங்களுக்குக் குடுத்தாச்சு. காலையும் கேக்குறீங்களா?” என்று முடித்தாள்.

எந்நேரமும் பல்குச்சியோடு திரியும் ஓர் உறுப்பினருக்குப் பல்குச்சி என்றே பெயர். அவர் பக்கத்தில் இருந்தவரிடம், “அந்தக் காலை மூடச் சொல்லுங்கப்பா, நான் இன்னும் சாப்பிடல” என்றார். சிரிப்பு எழுந்தது. தலைவர் குரலைத் தாழ்த்தி, “இன்னும் எத்தனை நாளைக்கு இருந்துடப் போகுது கிழவி?” என்றார். சுருக்கெழுத்துக்காரிக்குக் காது கேட்டால் கை எழுதும். எழுதிற்று.

கூட்டம் முடிந்ததும் தலைவர் மேசைக்கு வந்தார். “வழக்கம்போலப் போட்டுடுங்கம்மா. ஆட்சேபணை இல்லை.”

“இருந்துச்சே, தலைவரே.”

“யாரோ ஒரு வயசானவங்க பொலம்பிட்டுப் போனாங்க. அதெல்லாம் ஆட்சேபணையா?”

அந்த யாரோ அவளுடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

வீட்டில் கட்டுப் பிரிக்கும்போது அக்கா கேட்டாள். “நான் பேசினதை எழுதினியா?”

“எழுதினேன்.”

“அச்சுல வருமா?”

மினிட்ஸம்மா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. நான் அம்பையும் நோவேன்டி” என்றாள் அக்கா. “இருபத்தாறு வருஷமா எத்தனை பேர் வாயை அடைச்சிருப்ப? சம்பளம் வாங்கிட்டு!”

மறுநாள் காலை பத்து மணிக்கு, அலுவலகம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே, மினிட்ஸம்மா சுருக்கெழுத்து நோட்டைப் பிரித்து வைத்துத் தட்டச்சு செய்தாள். அக்காவின் மூன்று நிமிடம். பல்குச்சியின் சாப்பாடு. ‘உறுப்பினர்கள் சிரித்தனர்.’ தலைவரின் கேள்வி. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. விதிப்படி அடுத்த கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகவே எல்லா உறுப்பினருக்கும் நகல் அனுப்பினாள். ஒருவர் அதன்மேல் டீ தம்ளரை வைத்தார். பல்குச்சி ஓரத்தைக் கிழித்துக் காது குடைந்தார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் ஒரே மூச்சில் சொன்னார்: “சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது, ஏற்போர் கை தூக்கவும்.” எல்லாக் கையும் எழுந்தது. போனில் பேசிக்கொண்டே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். மினிட்ஸம்மா மை உலரும்வரை ஊதிவிட்டு, ஒரு பிரதியை மேலிடத்துக்குத் தபாலில் சேர்த்தாள். இன்னொன்றை வாசலில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். நாலு மூலைக்கும் பசை போட்டு, உள்ளங்கையால் நன்றாக அழுத்தினாள்.

இரண்டே நாளில் ஊரில் எல்லோர் போனிலும் அந்தப் பக்கம் இருந்தது.

தலைவர் ஓடிவந்தார். “ஏம்மா, இப்படி முதுகுல குத்திட்டீங்களே!”

“முதுகுல இல்ல, தலைவரே. உங்க மூக்குக்கு முன்னால ஏழு நாள் கிடந்துச்சு.”

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற வைங்க.”

“உங்க கையெழுத்து இருக்கே. நீக்கணும்னா அதுக்கும் விதி இருக்கு. நீக்கவேண்டிய பகுதியைக் கூட்டத்துல சத்தமா வாசிச்சு, ஓட்டுக்கு விடணும்.”

“யார் வாசிக்கிறது?”

“நான்தான்.”

தலைவர் யோசித்து, இருந்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பல்குச்சியால் விட முடியவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, நீக்க வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். தலைவர் கண்ணால் அடக்கிப் பார்த்தார். தானாகக் குழிக்குள் இறங்குகிறவனை யார் பிடிப்பது?

அன்று மூன்று பெஞ்சும் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் அக்கா, கால் நாற்காலியில். மினிட்ஸம்மா வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தாள். முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவை வாசிடி. பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலையாம்” என்றாள் அக்கா.

மினிட்ஸம்மா இன்னொரு தடவை வாசித்தாள், இன்னும் நிதானமாக. அதற்குள் அந்த இருவரும் அக்காள் தங்கை என்று தலைவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. மினிட்ஸம்மா அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். இருபத்தாறு வருடச் சம்பளத்தில் அவளுக்கு அத்தனை நிறைவு தந்தது வேறு எதுவும் இல்லை.

நீக்க வேண்டும் என்போர் கை தூக்கவும் என்றார் தலைவர். பல்குச்சியின் கை எழுந்தது. சுற்றிப் பார்த்தார், வேறு கை எதுவும் இல்லை. தூக்கிய கையால் காதைச் சொறிந்துகொண்டார்.

ஆட்சேபணை பதிவில் நின்றது. மேலிடம் தீர்மானத்தைத் திருப்பி அனுப்பியது. அறை மூடப்படவில்லை, நர்ஸ் மட்டும் இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மற்ற நாளில் தங்கை கட்டுகிறாள். மினிட்ஸம்மாவைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். போகுமுன் கடைசியாக அந்தக் கூட்டத்தின் குறிப்பையும் தட்டச்சு செய்தாள்: ‘உறுப்பினர் கையை உயர்த்தினார். பின்னர் காதைச் சொறிந்தார்.’

ஏழு நாள் முன்னதாக எல்லோருக்கும் நகல் போயிற்று. இந்தமுறை டீ தம்ளரை யாரும் அதன்மேல் வைக்கவில்லை.