அக்கா கொடுத்த தேன்

திண்டிவனத்தில் பஸ் ஏறிய அந்த அம்மா, என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே தேன் பாட்டிலைத் திறந்து சுண்டுவிரலை விட்டு நக்கினார். பெரிய உடம்பு, பெரிய மூக்குத்தி. கூச்சம் மட்டும் கிடையாது.

"இப்படித் தொட்டா கெட்டுப்போகாதாங்க?" என்றேன்.

"தேன்ல தண்ணி கம்மி, சக்கரை ஜாஸ்தி. கிருமி உள்ள வுழுந்தா அதோட ஈரத்தையே உறிஞ்சிக் கொன்னுடும். எங்க அக்கா மாதிரி."

தேன் அக்கா கொடுத்ததாம். பிறகு தன் மகன் கல்யாணப் பத்திரிகையை அக்கா நேரில் வந்து வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்ப, இருவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

"கெட்டிருந்தா அப்பவே வீசிட்டிருப்பேன். கெடவும் மாட்டேங்குது, ஒரே பேஜாரு. அதான் விழுப்புரத்துக்கு அவளப் பார்க்கப் போய்க்கினு இருக்கேன்."

"சமாதானம் பேசவா?"

"திட்டத்தான்."

விழுப்புரத்தில் இறங்கும்முன், "பொட்டு நேரா இருக்குதாங்க?" என்று கேட்டார். திட்டப் போகிறவருக்குப் பொட்டு எப்படி இருந்தால் என்ன? எனக்கு இன்னும் விளங்கவில்லை.