கூரையிலிருந்து கேட்ட கேள்வி

ஜவ்வாது மலையில் தனியாக வாழும் ஓர் அம்மாவின் பழைய பிக்சர் டியூப் டிவியைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த ஒளிபரப்பு எப்போதோ நின்றுவிட்டது. பெட்டியைச் சரிசெய்து, புதிய டிஷ்ஷோடு இணைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. இனி ஆன்டெனா எதற்கு என்று, அதைக் கழற்றக் கூரைமேல் ஏறினேன். கம்பத்தில் கை வைத்ததுமே, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் வரவழைத்த காலத்துப் பழக்கதோஷத்தில், "தெரியுதா?" என்று கத்திவிட்டேன்.

"தெரியுதுங்க! எறங்கிடுங்க!" என்று உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

பதறி இறங்கினேன். அந்த அம்மா வாசலுக்கே ஓடி வந்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கு இப்பிடித்தான் மேல நின்னு கேட்டாரு. நான் நாடகம் பாத்துக்கினு பதிலே சொல்லல. இன்னும் எட்டித் திருப்பப் போயி வுழுந்துட்டாரு. வுழுந்தவரு எழுந்திருக்கவே இல்லீங்க."

ஆன்டெனாவை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் வீட்டில் யார் கூப்பிட்டாலும், முதல் குரலுக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.