ஹில்யாவைக் கூப்பிடாத டாக்டர்

எங்கள் பகுதியில் தீராத நோயில் டாக்டரிடம் தன் சாவைத் தானே கேட்டு, அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டு யார் இறந்தாலும், அதற்கப்புறம் அந்த வீட்டுப் படியேறுவது பெரும்பாலும் சாவை விசாரிக்கும் அரசு டாக்டர் ஹில்யா பவ்காம்ப்தான். ஊசி போட்ட டாக்டரே போனை எடுத்து, "நான்தான் செய்தேன், வந்து பாருங்கள்" என்று சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். அவள் போய் உடலைப் பார்ப்பாள், டாக்டரின் அறிக்கையைப் படிப்பாள், அரசு வழக்கறிஞரிடம் அடக்கத்துக்கு அனுமதி வாங்குவாள், பிறகு எல்லாவற்றையும் மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்புவாள். டாக்டர் நடந்துகொண்டது முறையா என்று குழு சொல்லும். நானும் அதே வேலையில் இருப்பவன்தான். குரோனிங்கனில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை அவளுடையது. அவள் போட்ட சத்தமெல்லாம் என் காதில் விழுந்துதான் போயிருக்கிறது.

உருளைக்கிழங்கு விவசாயியின் மகள். வயலின் அந்தக் கோடியில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. ஆனால் சாவு வீட்டுக்குள் போனதும் குரல் இறங்கிவிடும். "வணக்கம் வோல்டர்ஸ், நான் ஹில்யா. உங்க கையைக் கொஞ்சம் பாத்துக்கறேன்" என்று இறந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். அக்கம்பக்கம் பேச்சு கிளம்பக்கூடாதென்று காரைத் தள்ளி நிறுத்துவாள். அந்தப் பச்சைக் காரை ஊரே அறியும் என்பது வேறு விஷயம்.

அந்த வோல்டர்ஸ் விஷயத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மதகு காவலராக இருந்தவர். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்த நோய். ஜனவரியில் ஒரு பிற்பகல், ரூல்ஃப் டாம்மெஸ் என்ற அவருடைய குடும்ப டாக்டர் ஹில்யாவைக் கூப்பிட்டார். அவள் போனபோது ரூல்ஃப் சமையலறையில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். ஊசி ரத்த நாளத்தில் சரியாக இறங்கவில்லை. மருந்து தசைக்குள் போய்விட்டது. தவறினால் மாற்றாக எடுக்க வைத்திருக்கும் இரண்டாவது மருந்துப் பெட்டி காரில் இருந்தது. அதை எடுத்து வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குள் வோல்டர்ஸின் மனைவி கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

"இதையெல்லாம் எழுதிட்டியா?" என்று கேட்டாள் ஹில்யா.

"நடந்ததை எழுதாம வேற எதை எழுதறது?"

"நல்லது. எழுதினவனுக்கு ஒண்ணும் ஆகாது."

அப்படித்தான் அவள் நம்பினாள்.

குழுவிலிருந்து கேள்வி வந்தது. மாற்றுப் பெட்டி ஏன் காரில் இருந்தது? ரூல்ஃப் பதில் எழுதினார். இன்னொரு கேள்வி வந்தது. பிறகு நேரில் வரச் சொன்னார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு டாக்டர், ஓர் அறவியல் பேராசிரியர். மூவரும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். அதற்குள் மனுஷன் இளைத்துப் போனார். தீர்ப்பு வரும்வரை நோயாளிகளின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை என்று ஹில்யாவிடம் புலம்பினார்.

அவர் இப்படிக் காத்துக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை சந்தையில், ஹெர்ரிங் மீன் கடை வரிசையில் ட்ரைன் என்ற பெண் ஹில்யாவின் தோளைத் தட்டினாள்.

"எங்கப்பா செத்தப்ப நீங்க ஏன் வரல டாக்டர்? எல்லா வீட்டுக்கும் நீங்கதான் வருவீங்கன்னு சொன்னாங்களே."

"எப்ப?"

"ஈஸ்டருக்கு முன்னாடி. டாக்டர் சிக்காமா வந்து ஊசி போட்டாரு. பேரப்பசங்க எல்லாரும் இருந்தாங்க. அப்பா எல்லாருக்கும் முத்தம் குடுத்தாரு. ஊசி போட்டு அஞ்சு நிமிஷம்கூட இல்ல. அவ்வளவு அழகா போனாரு!"

ஹில்யா மீன் வாங்காமலே அலுவலகத்துக்குத் திரும்பினாள். தேடிப் பார்த்தோம். ட்ரைனின் அப்பா இதயம் நின்று இயற்கையாக இறந்தார் என்று சிக்காமா சான்று கொடுத்திருந்தார். இயற்கைச் சாவுக்கு எங்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. உடலை எரித்தாகிவிட்டது.

எவர்ட் சிக்காமாவைக் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் பிடிக்கும். பனியிலும் சைக்கிளில் வருகிற கிழவர். ஹில்யா நேராக அவர் வீட்டுக்கே போனாள். அவர் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"சட்டப்படி வேற ஒரு டாக்டர் வந்து பாத்தாரா? பெரியவர் தன் வாயால கேட்டாரா?" என்றாள்.

"அவர் என் நோயாளி. பாதி ஆயுசு பழக்கம். கண்ணைப் பாத்தா தெரியாதா எனக்கு?"

"உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எதுக்குத் தெரியணும்? நீ வந்தா என்ன ஆகுது? அழுதுக்கிட்டிருக்கற வீட்டுல உக்காந்து போனைக் காதுல வச்சுக்கிட்டு யாரோ வக்கீலுக்குக் காத்திருக்கே. டாம்மெஸ் ஒழுங்கா எழுதிக் குடுத்தானே, அவனை என்ன பாடு படுத்தறாங்கன்னு பாக்கறேனே."

அவள் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். அரசு வழக்கறிஞரிடம் புகார் கொடுத்தாள். விசாரித்தார்கள். ட்ரைன், "வலிக்கு ஏதோ மருந்துன்னு நினைச்சேன், எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டாள். பிறகு ஹில்யாவுக்குப் போன் போட்டுத் திட்டினாள். "நல்ல மனுஷியாச்சேன்னு மனசு விட்டுப் பேசினா, எங்கப்பா சாவைப் போலீஸ் விஷயமா ஆக்கறீங்களா? வெக்கமா இல்ல?"

ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். குழுவைக் கேட்டபோது, தங்களுக்குப் பதிவாகி வருவதை மட்டுமே தாங்கள் பார்க்க முடியும் என்றார்கள்.

"பாத்தியா!" என்று என் மேசையில் ஓங்கித் தட்டினாள். "உண்மையை எழுதி வச்சவன் முன்னால நிக்கறான். அவனைக் கேள்வியா கேட்டுத் துளைக்கறாங்க. எழுதாதவன் சைக்கிள்ல ஊர் சுத்தறான். அவனைப் பாக்க நமக்குக் கண்ணே கிடையாது!"

அவள் சொன்னது உண்மை.

இலையுதிர்காலத்தில் ரூல்ஃபுக்குத் தீர்ப்பு வந்தது. முறையாகவே நடந்துகொண்டார், மாற்றுப் பெட்டியை மட்டும் இனிமேல் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று. ஹில்யா சந்தோஷமாகக் கூப்பிட்டாள். அவர் சுருக்கமாகச் சொன்னார்: "இனிமே நான் இதைச் செய்யறதா இல்ல. வேணும்கறவங்க சிக்காமாகிட்ட போகட்டும்."

ஒரு சாவு நடக்கும் முன்னால் அதில் தலையிட எங்களுக்கு அனுமதியில்லை. நடந்த பிறகுதான் எங்கள் வேலை. ரூல்ஃபைப் போய் வற்புறுத்தக்கூட அவளால் முடியாது.

அவரை மாற்றியது ஃபென்னா டைக்ஹவுஸ். ரொட்டிக்கடை வைத்திருந்த கிழவி. நில அதிர்வில் விரிசல் விட்ட கடைச்சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் கீழேயே நின்று வியாபாரம் செய்தவள். கணையத்தில் புற்றுநோய். ரூல்ஃபிடம் கேட்டாள். அவர் மாட்டேன் என்று சொல்லி, சிக்காமாவின் பேரைச் சொன்னார்.

"அந்தச் சைக்கிள்காரரா? வேணாம்."

"ஏன்? நல்லவர்தான்."

"நல்லவர்தான், யாரு இல்லேன்னா? ஆனா அவர் வந்துட்டுப் போனப்புறம் யாரும் வந்து பாக்கறதில்லையாம். இங்க பாருங்க டாக்டர், சுகாதாரத்துறை ஆள் வந்து அடுப்படியில தலையை விட்டுப் பாத்தாத்தான் ரொட்டி விக்கலாம்னு இருந்த கடை என்னோடது. அந்த ஆளை நான் திட்டாத நாள் இல்ல. ஆனா அவர் எட்டிப் பாக்காத கடையில நான் ஒரு துண்டு வாங்கித் தின்னதில்ல. என் சாவு ரொட்டியைவிடக் கேவலமா?"

ரூல்ஃப் ஒரு வாரம் இடிந்துபோய் இருந்தார். பிறகு ஒத்துக்கொண்டார். வேறொரு டாக்டர் வந்து ஃபென்னாவிடம் தனியாகப் பேசிப் பார்த்தார். குறித்த நாளில் இரண்டு மருந்துப் பெட்டிகளும் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. சிரமமில்லாமல் முடிந்தது.

ஹில்யா போனாள். "வணக்கம் ஃபென்னா, பாக்க வந்திருக்கேன்" என்றாள். உடலைப் பார்த்தாள், அறிக்கையை வரி வரியாகப் படித்தாள், பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இணைப்பு கிடைக்காமல் இசைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஃபென்னாவின் மகன் திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவி அவள் முன்னால் வைத்தான். காதில் போனோடு அதைத் தின்றாள். எரிச்சலில் கண் கலங்கியது என்று என்னிடம் சொன்னாள். எரிச்சல் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் ரூல்ஃப் போன் செய்தார். குரல் எனக்கே கேட்டது. "மறுபடி கேள்வி அனுப்பியிருக்காங்க ஹில்யா! ரெண்டாவது டாக்டர் வந்த தேதி என் அறிக்கையில ஒண்ணா இருக்காம், அவர் எழுதினதுல வேற ஒண்ணா இருக்காம்!"

"தப்பு யாரோடது?"

"என்னோடதுதான். கை தவறிடுச்சு."

"அப்ப அதையே எழுது."

"இதுக்கும் என்னைக் கூப்பிட்டு உக்கார வைப்பாங்களா?"

"வைக்கலாம்," என்றாள். "உன்னை வைப்பாங்க. சிக்காமாவை வைக்க மாட்டாங்க. எனக்கும் வயிறு எரியுது ரூல்ஃப். நீ எழுது."

போனை வைத்துவிட்டு, அரசு வழக்கறிஞர் கைவிட்டபின், சிக்காமாவைப் பற்றி டாக்டர்களைக் கண்காணிக்கும் சுகாதார ஆய்வுத்துறைக்கு அனுப்பிய புகாரின் நகலை எடுத்தாள். பெற்றுக்கொண்டோம் என்பதைத் தாண்டி அங்கிருந்து பதில் எதுவும் வந்திருக்கவில்லை. அதே விஷயத்தை மறுபடி, இன்னும் கொஞ்சம் கடுமையாக, தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.