கார்டின் முகத்தில் சந்தனம்

சிவப்புப் பிளாஸ்டிக் கட்டை ஒன்று, அதற்குள் வரிசையாகக் குட்டிக் குட்டி வெள்ளைச் சுவிட்சுகள். அரிசி மணியைவிடச் சிறியவை. பல்குச்சி நுனியால்தான் தள்ள முடியும். பாயான் பாருவில் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது, கணினிக்குள் கார்டு என்ற மின்சுற்று அட்டையைச் செருகுவதற்கு முன், அதன் மேலிருக்கும் இந்தச் சுவிட்சுகளைச் சரியாக வைப்பது என் பொறுப்பு. அவை கார்டுக்கு வீட்டு எண் மாதிரி. எண் தவறினால் கணினிக்குக் கார்டு இருப்பதே தெரியாது. இப்போது பத்து காவான் என்ற ஊரில் நான் வேலை செய்யும் இடத்தில் கார்டைச் செருகினால் போதும், கணினியே எண் கொடுத்துவிடுகிறது. சௌகரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கும்படி அங்கே ஒன்றும் நடப்பதில்லை.

எங்கள் முதலாளி அக்காவை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரிய தொழிற்சாலைகள் தயாரிக்கும் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துக் கொடுப்பது அவர் தொழில். கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாக நடத்தினார். வாய் ஓயாது, வேலையும் ஓயாது. எந்தக் கார்டானாலும் பொருத்துவதற்கு முன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். “புது லோரிக்கு வைக்கிறோம், கார்டுக்கு வச்சா என்ன கொறஞ்சு போயிடும்?” என்பார். நானும் வாதாட மாட்டேன். கார்டின் ஓரத்தில் இருக்கும் இரும்புத் தகட்டை நீட்டுவேன். அதில் ஒரு பொட்டு வைப்பார். வேலையும் கெடாது, அக்காவின் மனமும் நோகாது.

பட்டறையின் உயிரே ஒரு பழைய சோதனை இயந்திரம்தான். அதை ஓட்டுவது அதைவிடப் பழைய கணினி. ஒரு வெள்ளிக்கிழமை காலை அதன் கார்டு கருகிப்போனது. அன்று மத்தியானம் பெரிய தொழிற்சாலை ஒன்றின் என்ஜினியர் இயந்திரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அவர்கள் பலகைகள் எல்லாம் எங்களிடம் வரும். பிடிக்காவிட்டால் பட்டறையைத் தாங்க வேறு வேலை கையில் இல்லை. ஈப்போவில் இருக்கும் மகள், கடையை மூடிவிட்டு வந்துவிடும்படி அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கான அறைக்குச் சாயம்கூட அடித்து வைத்துவிட்டாளாம். “இன்னிக்கு இது ஓடலன்னா நான் பெட்டியக் கட்ட வேண்டியதுதான் தம்பி,” என்றார் அக்கா. அன்று அவர் சிரிக்கவில்லை.

நல்லவேளை, அலமாரியில் உபரிக் கார்டு ஒன்று இருந்தது. கருகியதைப் பக்கத்தில் வைத்து, அதே மாதிரி ஒவ்வொரு சுவிட்சாகத் தள்ளி முடித்தேன். மேசையில் வைத்துவிட்டு, கணினியின் மூடியைக் கழற்ற உள்ளே போனேன். அதற்குள் என்ஜினியர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். தமிழ் முஸ்லிம், நடுவயது, அதிகம் பேசாதவர். அவரைப் பார்த்த பதற்றத்தில் அக்கா கார்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நானும் அதே பதற்றத்தில், பார்க்காமலே செருகினேன். இயந்திரம் அசையவில்லை. திரையில், கார்டே இல்லை என்ற செய்தி.

கார்டை உருவிப் பார்த்தால், சிவப்புக் கட்டை நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். கட்டைவிரல் அழுத்தியதில் பாதிச் சுவிட்சுகள் இடம் மாறியிருந்தன.

“இது என்னங்க?” என்றார் என்ஜினியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார். “நான்தான் பாய் அப்புனேன். செவப்பா, நம்பரெல்லாம் போட்டு அழகா இருந்துச்சு. அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன். தம்பி மேல தப்பு இல்ல.”

மனுஷர் கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். “நான் போற எடத்துல எல்லாம் மெஷின் மேலதான் பழி போடுவாங்க. நான்தான்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்கா. கிளீன் பண்ணுங்க லா, நான் வெயிட் பண்றேன்.”

ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு தேய்த்து, காயவைத்து, சுவிட்சுகளை மறுபடி வைத்தேன். அக்கா சந்தனக் கிண்ணத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். என்ஜினியர் அதைக் கவனித்துவிட்டார்.

“ஏன்கா, எனக்காக விட்டுடாதீங்க. எப்பவும் எங்க வைப்பீங்களோ அங்க வைங்க.”

நான் தகட்டை நீட்டினேன். அக்கா விரல் நுனியால் ஒரே ஒரு பொட்டு வைத்தார். இந்த முறை கார்டைச் செருகியதும் இயந்திரம் தடதடவென்று ஓடத் தொடங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கொண்டுவந்த பலகைகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, திங்கட்கிழமை முதல் வேலையை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கார் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போன் போட்டார்.

“சாயம் அடிச்ச ரூம வாடகைக்கு விட்டுடும்மா. அம்மாவுக்குத் திங்கக்கெழம வேல இருக்கு.”