ஒன்பதாம் எண் ஜெர்சி

எங்கள் மாமா எடுத்த பத்தொன்பது புள்ளிகளை வேறொருவர் கணக்கில் எழுதினார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திருச்சிக் கல்லூரிக்குப் போய்வந்தார். கூடைப்பந்து அணியில் அவருக்கு ஒன்பதாம் எண் ஜெர்சி. மைதானத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. ஒரே ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவரின் பெயரும் எண்ணிக்கையும் அதில் பெயின்டில் எழுதியிருக்கும். அப்போது இருந்தது நாற்பது. கடைசி வருடத்துக்குள் அதைத் தாண்டியே தீருவேன் என்று மாமா சோற்றில் கை வைத்துக்கொண்டும் சொல்லுவார்.

கடைசி ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப்போனார். எனக்கு ஒன்பது வயது. அவர் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ரஃப் நோட்டில் ஒரு கோடு போட்டேன். பாதி ஆட்டத்தில் இருபத்திரண்டு. இடைவேளை முடிந்து வந்தபோது மாமாவின் முதுகில் பன்னிரண்டு என்று இருந்தது. அவருடைய ஜெர்சி கிழிந்துவிட்டதாம். பன்னிரண்டுக்கு உரியவர் ஒரு மணப்பாறைக்காரர், வருடம் முழுக்க பெஞ்சைத் தேய்த்தவர். அன்றும் துண்டைப் போர்த்திக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். மாமா மேலும் பத்தொன்பது எடுத்தார். மொத்தம் நாற்பத்தொன்று!

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் மேஜைக்கு ஓடினேன். தாளில் ஒன்பதாம் எண்ணுக்கு இருபத்திரண்டு, பன்னிரண்டாம் எண்ணுக்குப் பத்தொன்பது. முகத்தை யார் பார்த்தார்கள்? முதுகைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

"அங்கிள், தப்பா எழுதியிருக்கீங்க. இதெல்லாம் எங்க..."

அதற்குள் மாமாவின் கை என் வாயைப் பொத்தியது. அப்படியே சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"விடு பாப்பா. மேட்ச் ஜெயிச்சாச்சுல்ல?"

"போர்டுல உங்க பேரு வராதே!"

"வராட்டி போகுது."

சொல்லிவிட்டு அந்தப் பலகை இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் வீடு வரைக்கும் எனக்கு அழுகையாக வந்தது.

சில மாதங்கள் கழித்து அந்த மணப்பாறைக்காரர், தன் அம்மாவோடும் ஒரு டின் முறுக்கோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டதாம். அந்தக் கடைசி ஆட்டத்தின் ஸ்கோர் தாளைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்களாம். அந்த அம்மாள் மாமாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாமாவின் புள்ளிகளைத் திருடி ஒரு வேலையா? முறுக்கில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. மாமா வெட்கமே இல்லாமல் நாலு தின்றார்.

கிழிந்த ஜெர்சியை நான் அடம்பிடித்துக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அம்மா அதைத் தைக்க எடுத்தாள்.

"டேய், இது எங்கடா கிழிஞ்சிருக்கு? நேரா கத்தரிக்கோல் போட்டு வெட்டியிருக்கு."

மாமா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. எதிர் அணிக்காரர்கள் செய்த வேலை! ரஃப் நோட்டை எடுத்து, அவர்கள் கல்லூரியின் பெயரை எழுதி, பேனா முனை உடையும்வரை அதன்மேல் கிறுக்கினேன்.