பயத்தில் வந்த மயக்கமாம்!

எழுபதுகளின் தொடக்கம். குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். தொண்டை வீங்கி எச்சில்கூட விழுங்க முடியாமல், பள்ளி விட்டதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் பெனிசிலின் எழுதிக் கொடுத்தார். ஊசி போடுவது கம்பவுண்டர்.

"போன மாசம் இதே ஊசி போட்டப்ப உடம்பெல்லாம் தடிச்சு அரிச்சுதுங்க. டெஸ்ட் பண்ணிட்டுப் போடுங்க" என்றேன்.

"அப்பவே ஒண்ணும் ஆவல, இப்ப இன்னா ஆவப்போவுது? டீச்சருக்கே ஊசின்னா பயமா?" என்று சிரித்தார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். வெட்கமாகிவிட்டது. கையை நீட்டிவிட்டேன்.

வாசல் தாண்டுவதற்குள் உள்ளங்கை எரிந்தது. உதடு தடித்தது. மூச்சு உள்ளே போகவே இல்லை. சுவரைப் பிடித்தபடி சரிந்தேன். "பயந்துட்டாங்க, தண்ணி தெளிங்க" என்று கம்பவுண்டர் சொன்னது காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தன் குழந்தையோடு காத்திருந்த ஒரு பெண் ஓடிவந்து என்னைப் படுக்கவைத்தார். அவர் ஒரு நர்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது. "பயமும் இல்ல, கியமும் இல்ல! டாக்டரை அட்ரினலின் எடுத்துட்டு வரச் சொல்லுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தார். அந்த ஊசி ஏறிய பிறகே எனக்கு மூச்சு வந்தது.

என் கணவர் பதறிக்கொண்டு வந்தபோது டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "பயத்துல மயக்கம் சார், வேற ஒண்ணுமில்ல." என் சீட்டிலும் அப்படியே எழுதினார். நர்ஸம்மா மட்டும் என்னைத் தனியாக அழைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் 'அனஃபிலாக்ஸிஸ்' என்று எழுதிக் கொடுத்தார். "இதான் உங்களுக்கு வந்தது. மறந்துடாதீங்க."

உடம்பு தேறியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். கிரேக்க வேர்களைக் கொண்டு உண்டாக்கிய சொல்லாம். 'ஃபிலாக்ஸிஸ்' என்றால் காவல். அதற்கு நேர் எதிர் என்ற பொருளில் முன்னால் 'அனா' சேர்த்திருக்கிறார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம்மேல் பாய்வது. விஞ்ஞானிகள் சிலர் விஷத்தைக் கொஞ்சமாக ஏற்றி, அதைத் தாங்கும்படி நாய்களைப் பழக்கப் பார்த்தார்களாம். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துப் போட்ட மிகச் சிறிய அளவிலேயே செத்துப்போனதாம். அதற்குப் பெயர் வைக்கத்தான் இந்தச் சொல்லே பிறந்தது.

படிக்கப் படிக்க ஆத்திரம் பொங்கியது. 'அப்பவே ஒண்ணும் ஆவல' என்ற பேச்சு தப்பு என்று சொல்வதற்கென்றே உலகத்தில் ஒரு வார்த்தை இருந்திருக்கிறது! மறுநாளே கிளினிக்குக்குப் போய், அத்தனை பேர் முன்னால், "பயம்னு எழுதினதை அடிச்சுட்டு இதை எழுதுங்க சார்" என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார். மன்னிப்பு மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கும் அந்தக் கோபம் தணியவில்லை. அவர்கள் மேல் மட்டுமல்ல, என் உடம்பு சொன்னதை நம்பாமல் நாலு பேர் சிரிப்புக்குக் கூசிப்போன என் மேலும்தான்.