கல்லறைப் பூவும் சாணிக் கரைசலும்

தட்டாஞ்சாவடிப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு எருக்கிடங்கு இருந்தது. ஆனந்தமேரிக்கு அங்கேதான் வேலை. மார்க்கெட் கழிவு டிராக்டரில் வந்து விழும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எறிந்துவிட்டு, காற்றுக்கு ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் தொட்டியில் கழிவு ஒரு அடுக்கு, சருகு ஒரு அடுக்கு என்று போட்டு, சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவளுக்கு அந்தக் கிளறலில்தான் தோள்பட்டை விட்டுப்போகும்.

2006இல் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள், அதுவரை குப்பைமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கல்லறைத் தோட்டத்துப் பூவெல்லாம் முதல் தடவையாகக் கிடங்குக்கு வந்தது. சாமந்தி மாலைகள், மெழுகு சொட்டிய ரோஜாக்கள். ஆனந்தமேரி நாரையும் மெழுகையும் பிரித்தெடுத்தாள். சாணி வாளியைத் தூக்கியவள் கீழே வைத்துவிட்டாள். சாமியார் தீர்த்தம் தெளித்த பூ. செத்துப்போன புருஷன் அல்போன்சுக்கு அவள் போட்ட மாலையும் அதில் எங்கோ கிடந்தது.

இதைத் தனித் தொட்டியில் போடுவோம், சாணியும் மீன் செதிலும் சருகுக் குப்பையும் படவேண்டாம் என்று கூட வேலை செய்யும் கலைவாணியிடம் சொன்னாள். சாமி விஷயம் என்று கலைவாணியும் மறுக்கவில்லை. மழைக்கு இறுக்கமாகத் தார்ப்பாயும் கட்டினார்கள்.

அடுத்த வாரமே அழுகின முட்டை நாற்றம். சருகு இல்லாததால் பூ நைந்து, படிந்து, கூழாகிவிட்டது. உள்ளே காற்று போகவில்லை. காற்றை நம்பிய கிருமிகள் அடங்கிப்போக, காற்றில்லாமல் பிழைக்கிறவை பெருகிவிட்டன. எதிரே புதிதாக வீடு கட்டியவர்கள் புகார் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் விஜயராகவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள், அன்றும் நாறினால் கிடங்கைப் பூட்டிவிடுவார்கள் என்றார்.

"ஏம்மா, சாணி போடலயா?"

"கல்லறைப் பூ சார். மனசு வரல."

அவர் திட்டியிருந்தால் தேவலை. மூக்கைப் பொத்தியபடியே திரும்பி நடந்துவிட்டார். இங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் இனி எங்கே போவார்கள் என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவளும் கலைவாணியும் அந்தக் கூழை வெளியே வாரினார்கள்.

"சாணி வேணான்ன, மேரிக்கா. இந்த நாத்தத்துக்குச் செத்தவங்களே எழுந்து ஓடிருவாங்க போல."

ஆனந்தமேரிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. சருகைக் கொட்டிக் கலந்தாள். வாளியைத் தூக்கிக் குவியலைப் பார்த்து, "யாரும் கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்தாள். ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் வந்து கிளறினாள்.

பூ வெயிலைத் தின்று வளர்கிறது. கிருமிகள் அந்தப் பூவைத் தின்னும்போது, அது சேர்த்துவைத்த வெயில் சூடாக வெளியேறுகிறது. திங்கட்கிழமை காலை தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அதிகாரிகள் மோந்து பார்த்தார்கள். சாணி வாசனைதான் அடித்தது. ஒரு மாதம் பார்ப்போம், மறுபடி புகார் வந்தால் பூட்டுதான் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். ஒரு மாதம் என்றால் ஒரு மாதமும் கிளற வேண்டும். கலைவாணி டீ வாங்கப் போனாள்.

தூறல் போட்டது. ஆனந்தமேரி ஈரப் புடவையோடு தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். செங்கல் வழியாக வந்த சூடு மெல்லத் தோளில் ஏறியது. மார்க்கெட் டிராக்டர் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.